ஒளியால் உடல் கொழுப்பை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா கடைசிவரை ஒல்லியான மனிதர். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினால் யாரும் குறை சொல்ல முடியாத எண் வரும். அவருக்கு நாற்பது வயதுக்குள் சர்க்கரை வந்தது. உடம்பில் எவ்வளவு எடை இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அந்த எடை எதனால் ஆனது என்பது வேறு கேள்வி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டாவது கேள்விக்கு ஒளியை வைத்து விடை தேடும் முறைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

வெறும் வெளிச்சத்தை வைத்துக் கொழுப்பை அளக்க முடியுமா?

முடியும். ஆனால் "கொழுப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் பல விஷயங்கள் இருக்கின்றன. தோலுக்கு அடியில் படிந்திருக்கும் கொழுப்பு உண்டு. வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கும் கொழுப்பு உண்டு. உடல் முழுவதிலும் கொழுப்பு எத்தனை சதவீதம் என்ற எண்ணும் உண்டு. முதலாவதை ஒளி உண்மையாகவே அளக்கிறது. இரண்டாவதை வெளியிலிருந்து அதனால் எட்ட முடியாது. மூன்றாவது, அளந்ததை வைத்துப் போடுகிற கணக்கு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உடம்புக்குள் ஒளி எப்படிப் போகும்? தோல் என்ன கண்ணாடியா?

இருட்டறையில் ஃபோன் டார்ச்சை உள்ளங்கையின் கீழ் வைத்துப் பாருங்கள். விரல் ஓரங்கள் சிவப்பாக ஒளிரும். டார்ச்சிலிருந்து வருவது வெள்ளை ஒளி. அதில் இருக்கும் நீலத்தையும் பச்சையையும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிவப்பு தப்பித்து வெளியே வருகிறது. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் சுலபமாகப் போகும். ஏறக்குறைய 650 நானோமீட்டர் அலைநீளத்தில் தொடங்கி 1,350 நானோமீட்டர் வரையுள்ள பகுதியில் இரத்தமும் நீரும் ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. ஆய்வாளர்கள் இதைத் திசுவின் ஒளிச் சாளரம் என்பார்கள்.

1977-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் யோப்சிஸ் இந்தச் சாளரத்தின் வழியாக மண்டையோட்டைத் தாண்டி மூளையின் ஆக்சிஜன் நிலையைப் பார்க்கலாம் என்று காட்டினார். எலும்பைத் தாண்டும் ஒளிக்குத் தோல் பெரிய தடை இல்லை.

ஆனால் உள்ளே போகும் ஒளி நேர்கோட்டில் போகாது. பாலில் டார்ச் அடித்தால் முழு டம்ளரும் மங்கலாக ஒளிரும், ஒளிக்கற்றை தெரியாது. பாலின் கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால் அப்படி. நம் திசுவும் அதே கதைதான். ஒரு மில்லிமீட்டர் அளவு போவதற்குள் ஒளி தான் வந்த திசையையே மறந்துவிடும். ஆய்வகங்களில் கருவிகளைச் சோதிக்க, மனிதத் திசுவுக்குப் பதிலாக, நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் வெள்ளை நிறக் கொழுப்புக் கரைசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். பார்க்க அசல் பால் மாதிரியே இருக்கும்.

கொழுப்பை மட்டும் ஒளி எப்படி அடையாளம் காண்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொழுப்பு மூலக்கூறு என்பது கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலி. அந்தக் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் வீணைத் தந்தி போல ஓயாமல் அதிர்கின்றன. தந்தியை மீட்டினால் அடிப்படை நாதம் ஒன்று கேட்கும். கூடவே அதன் மேல் அதிர்வுகளும் மெல்லியதாகக் கேட்கும். இந்தப் பிணைப்புக்கு அடிப்படை நாதம் ஏறக்குறைய 3,400 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. அந்த ஒளியைக் கொழுப்பு ஆசையாக உறிஞ்சும். ஆனால் நீரும் அங்கே ஒளியை விழுங்குவதால், ஈரமான திசுவில் ஒரு தலைமுடித் தடிமன் கூட அது உள்ளே போகாது.

அதனால் மேல் அதிர்வுகளைத் தேடிப் போகிறோம். முதல் மேல் அதிர்வு 1,720 நானோமீட்டர் அருகே, அடுத்தது 1,210 அருகே, அதற்கடுத்தது 930 அருகே. ஒவ்வொரு படியிலும் உறிஞ்சுதல் பல மடங்கு வலுவிழக்கிறது. 930-ல் கொழுப்பின் அடையாளம் மிக மெல்லியது. மெல்லியதாக இருப்பதால்தான் ஒளி சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே போய்த் திரும்பி வர முடிகிறது. நீருக்கும் இதேபோல் 970 நானோமீட்டர் அருகே ஓர் அடையாளம் உண்டு. தசையில் முக்கால் பங்கு நீர், கொழுப்புத் திசுவில் நீர் மிகக் குறைவு. ஆகவே 930-ல் எவ்வளவு ஒளி குறைந்தது, 970-ல் எவ்வளவு குறைந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒளி போய்வந்த பாதையில் கொழுப்பு அதிகமா நீர் அதிகமா என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு ஆழம் வரை பார்க்கலாம்?

ஒளியை அனுப்பும் இடத்துக்கும் திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கும் உணரிக்கும் நடுவே உள்ள தூரம்தான் இதைத் தீர்மானிக்கிறது. ஒரு புள்ளியில் புகுந்து இன்னொரு புள்ளியில் வெளிவரும் ஒளி, உள்ளே வளைந்த வாழைப்பழம் போன்ற பாதையில் போகிறது. துறைக்காரர்களே அதை வாழைப்பழம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வாழைப்பழத்தின் ஆழம், தோராயமாக, அந்தத் தூரத்தில் பாதி. உணரியை 3 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் வரை செய்தி கிடைக்கும். இன்னும் தள்ளி வைக்கலாமே என்றால், தூரம் கூடக் கூடத் திரும்பி வரும் ஒளி மளமளவென்று குறைந்து, கடைசியில் இரைச்சல் மட்டுமே மிஞ்சும்.

மேல்கையில் ஒரு சென்டிமீட்டர் கொழுப்பு இருப்பவருக்கு இந்த ஆழம் போதும். வயிற்றில் நான்கு சென்டிமீட்டர் இருப்பவருக்கு, மேலடுக்கை மட்டும் பார்த்துவிட்டு ஒளி திரும்பிவிடும். பருமனானவர்களுக்கு இந்தக் கருவிகள் உண்மையை விடக் குறைவாகக் காட்டுவதாகப் பல ஆய்வுகள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது?

மருத்துவமனையில் தொடங்கிய கதை இல்லை இது. தானியக் கிடங்கில் தொடங்கியது. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் கார்ல் நாரிஸ் என்ற பொறியாளர் இருந்தார். முட்டையை வெளிச்சத்துக்கு முன் பிடித்து நல்லதா கெட்டதா என்று பார்ப்போம் இல்லையா, அந்த வேலையைக் கருவியால் செய்ய முயன்றவர். அப்புறம் கோதுமையின் ஈரப்பதம், புரதம் என்று அண்மை அகச்சிவப்பால் அளக்கத் தொடங்கினார். தானியத்தை அரைக்காமல், ரசாயனம் ஊற்றாமல் அளக்கும் இன்றைய வழக்கத்துக்கு அவருடைய வேலை முக்கியமான அடித்தளம்.

தானியத்தில் எண்ணெயையும் நீரையும் அளக்கும் ஒளி மனிதக் கையிலும் அளக்காதா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. 1984-ல் ஜோன் கான்வே, நாரிஸ், பாட்வெல் மூவரும் அதற்கு விடை சொன்ன ஆய்வை வெளியிட்டார்கள். கனநீர் (கனமான வகை ஹைட்ரஜன் கொண்ட நீர்) குடிக்கவைத்து உடலின் மொத்த நீரைக் கணக்கிடும் முறையோடு ஒளி அளவை ஒப்பிட்டார்கள். இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. அவர்கள் ஆய்வகத்தில் வைத்திருந்தது பல அலைநீளங்களை வரிசையாக அளக்கும் பெரிய கருவி. பிறகு சந்தைக்கு வந்த ஃபியூட்ரெக்ஸ் போன்ற கையடக்கக் கருவிகள் விலையைக் குறைப்பதற்காக 940, 950 என்று அடுத்தடுத்த இரண்டே அலைநீளங்களில், மேல்கையில் ஒரே ஓர் இடத்தில் அளந்தன. நல்ல அறிவியல் ஒன்று சின்னப் பெட்டிக்குள் அடங்கும்போது எவ்வளவு கழிந்து போகிறது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜிம்மில் மேல்கையில் ஒரு கருவியை வைத்து "உங்களுக்கு 27 சதவீதம்" என்றார்கள். நம்பலாமா?

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கருவியை வைப்பதற்கு முன் உங்கள் உயரம், எடை, ஆணா பெண்ணா, எவ்வளவு உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருப்பார்களே? அதெல்லாம் சூத்திரத்துக்குள் போகிறது. உயரமும் எடையும் பாலினமும் தெரிந்தால் ஒளியே இல்லாமல் கொழுப்புச் சதவீதத்தை ஓரளவு ஊகிக்க முடியும். அதற்கு மேல் ஒளி எவ்வளவு சேர்க்கிறது என்பதுதான் கருவியின் உண்மையான மதிப்பு. கையடக்கக் கருவிகளைச் சோதித்த ஆய்வாளர்கள் வைத்த முக்கியமான குறை இதுதான்: கணிப்பின் பெரும்பகுதியை எடையும் உயரமுமே செய்துவிடுகின்றன, ஒளியின் பங்கு சிறியது.

இதை நீங்களே சோதிக்கலாம். நான் ஒரு ஜிம்மில் சோதித்தேன். முதலில் சரியான எடையைப் போட்டு அளந்தேன். இரண்டாம் முறை கருவியைக் கையில் அதே இடத்தில் வைத்துக்கொண்டு, எடையை மட்டும் 8 கிலோ கூட்டிப் போட்டேன். சதவீதம் ஏறியது. என் கையில் எதுவும் மாறவில்லை, ஒளியும் மாறவில்லை, ஏறியது கணக்கு மட்டுமே. பயிற்சியாளரிடம் காட்டினேன். அவரும் ஆச்சரியப்பட்டார், நல்ல மனிதர்.

இன்னொரு சிக்கல், ஒரே இடம். மேல்கையை வைத்து முழு உடம்பையும் சொல்வது, ஒரு சோற்றை எடுத்துப் பார்த்து ஒரு பானையைச் சொல்வது போலத்தான். பானையில் சோறு ஒரே மாதிரி வெந்திருக்கும், அதனால் அந்தப் பழமொழி பலிக்கிறது. உடம்பில் கொழுப்பு அப்படிப் பரவி இருப்பதில்லை. ஒருவருக்கு இடுப்பில், இன்னொருவருக்கு தொடையில், வேறொருவருக்கு வயிற்றுக்குள்.

என் கைக்கடிகாரத்தில் பச்சை விளக்கு எரிகிறது. அதுவா கொழுப்பை அளக்கிறது?

இல்லை. பச்சை ஒளி நாடித்துடிப்புக்கு. ஹீமோகுளோபின் பச்சையை நன்றாக உறிஞ்சுவதால், துடிப்புக்குத் துடிப்பு இரத்தம் ஏறி இறங்குவது அதில் தெளிவாகத் தெரியும். 2021-ல் வந்த சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4 போன்ற கடிகாரங்கள் கொழுப்புச் சதவீதம் காட்டுவது மின்சாரத்தால். இரண்டு விரல்களைப் பொத்தான்களில் வைக்கச் சொல்லும். உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டத்தை உடம்பு வழியாக அனுப்பும். நீரும் உப்பும் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதாக விடும், கொழுப்பு தடுக்கும். வீட்டில் நிற்கும் "பாடி ஃபேட்" எடை இயந்திரங்களும் இதே வகை. நிறையத் தண்ணீர் குடித்தாலோ வேர்த்துக் கொட்டினாலோ எண் மாறுவது அதனால்தான்.

ஃபோன் கேமராவில் படம் எடுத்தால் கொழுப்புச் சதவீதம் சொல்லும் செயலிகள்?

இதுவும் ஒளிதான், ஆனால் வேறு வழி. இங்கே ஒளி தோலுக்குள் போவதில்லை. தோலின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து உடம்பின் வடிவத்தைப் பிடிக்கிறார்கள். அமேசான் 2020-ல் கொண்டுவந்த ஹேலோ என்ற கைப்பட்டையின் செயலி, குறைந்த உடையில் நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்லி, அதிலிருந்து முப்பரிமாண உருவம் செய்து சதவீதம் சொன்னது. 2023-ல் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். சில ஜிம்களில் சுழலும் மேடையில் நிற்கவைத்து அகச்சிவப்பு ஒளியால் உடம்பைச் சுற்றிப் படமெடுக்கும் கருவிகளும் உண்டு.

மேல்கைக் கருவியை விட இந்த முறை எனக்கு நேர்மையாகப் படுகிறது. ஆயிரக்கணக்கான அளவுகளை ஒரே நொடியில் எடுக்கிறது. இடுப்பு, வயிறு, தொடை, கழுத்து எல்லாம் அதில் அடங்கும். நல்ல தையல்காரர் அளவெடுப்பது மாதிரி, ஆனால் ஓர் இடத்தையும் விடாமல். அமெரிக்காவில் ஹவாய் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையத்தில் ஜான் ஷெப்பர்டின் குழு இப்படி எடுத்த உருவங்களை, எக்ஸ்ரேயால் உடல் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பெரிய அளவில் வேலை செய்திருக்கிறது. இங்கும் ஒன்றை மறக்கக் கூடாது. கருவி பார்த்தது வடிவத்தை. கொழுப்பை அது பார்க்கவே இல்லை. "இந்த வடிவம் உள்ளவர்களுக்கு டெக்ஸாவில் இவ்வளவு வந்தது" என்று கற்றுக்கொண்டு சொல்கிறது. கற்ற கூட்டத்தில் உங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவர்கள் போதுமான அளவு இருந்தார்களா என்பது பெரிய கேள்வி.

செயலிக்கு உங்கள் அரைகுறை ஆடைப் படங்களை அனுப்பும் முன், அவை எங்கே சேமிக்கப்படுகின்றன என்று பாருங்கள். இதை நான் யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை.

நான் ஒல்லிதான். எனக்கு ஏன் இதெல்லாம்?

உங்களுக்குத்தான் முக்கியம். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பக்கக் குறிப்பு வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புகைப்படம். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் குறியீடு) ஒன்றே, 22.3. டெக்ஸாவில் அளந்தபோது யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 சதவீதம். எடையும் உயரமும் ஒரே கதையைச் சொல்ல, உடம்பு இரண்டு வேறு கதைகளைச் சொன்னது. அந்தப் படத்தை முதன்முறை பார்த்தபோது நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே கொழுப்பு கூடுதல், தசை குறைவு, அதிலும் வயிற்றுக்குள் சேர்வது அதிகம் என்பது இன்று நன்றாக நிலைபெற்ற விஷயம். உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய எல்லைகளாக 2004-ல் சேர்த்ததற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பை ஒளி காட்டுமா?

காட்டாது. வயிற்றின் தோல், தோலடிக் கொழுப்பு, அதன் கீழ் தசைச் சுவர், அதற்கும் பின்னால்தான் உள்ளுறுப்புக் கொழுப்பு. வாழைப்பழம் அவ்வளவு ஆழம் போகாது. அதைப் பார்க்க சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். ஏதாவது ஒளிக்கருவி உள்ளுறுப்புக் கொழுப்பையும் சொல்கிறது என்று விளம்பரம் செய்தால், அது ஊகித்துச் சொல்லும் எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாத வழி ஒன்று வீட்டில் இருக்கிறது: தையல் டேப். மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் இடுப்பைச் சுற்றி அளங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் மருத்துவரிடம் இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உள்ளுறுப்புக் கொழுப்பைப் பொறுத்தவரை, மேல்கையில் பட்டுத் திரும்பும் எந்த ஒளியையும் விட இந்த டேப் அதிகம் சொல்லும்.

கறுப்புத் தோலுக்கு ஒளிக்கருவிகள் சரியாக வேலை செய்யுமா?

இதை அவசியம் கேட்க வேண்டும், அதிலும் நாம். தோலின் மேலடுக்கில் இருக்கும், தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமி ஒளியை உறிஞ்சுகிறது. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரில் இந்தச் சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதினார்கள்: கருவி 92 முதல் 96 சதவீதம் ஆக்சிஜன் என்று காட்டிய நோயாளிகளில், உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். உயிர் போகும் விஷயம் அது.

கொழுப்பை அளக்கும் 930 நானோமீட்டர் பகுதியில் மெலனினின் உறிஞ்சுதல், ஆக்சிமீட்டர் பயன்படுத்தும் 660 நானோமீட்டர் சிவப்பை விடக் குறைவு. அது நல்ல செய்தி. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. பல தூரங்களில் உணரி வைத்து, அவற்றுக்கு இடையிலான வித்தியாசத்தை எடுத்தால் மேல்தோலின் பாதிப்பைப் பெருமளவு கழித்துவிடலாம். ஒரே ஓர் உணரி உள்ள மலிவுக் கருவிக்கு அந்த வசதி இல்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும், நம் நிறத் தோல்களில் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

"இமேஜிங்" என்கிறார்கள். நிஜமாகவே படம் வருமா?

ஆய்வகங்களில் வருகிறது. ஒரே புள்ளியில் அளப்பதற்குப் பதில், புள்ளி புள்ளியாக நகர்த்தி வரைபடம் போடலாம். கலிஃபோர்னியாவின் இர்வைனில் உள்ள பெக்மன் லேசர் மையம் இதில் முன்னோடி. அங்கே 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவைக் குறைத்து எடை இறக்கியவர்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பை 12 வாரம் இப்படித் தொடர்ந்து பார்த்தார்கள். எடை இறங்க இறங்க, அந்தத் திசுவின் ஒளி அடையாளங்களும் மாறின. கொழுப்பு எவ்வளவு குறைந்தது என்பதோடு நிற்காமல், அந்தத் திசு எப்படி இருக்கிறது, இரத்தமும் நீரும் அதில் எப்படி மாறுகின்றன என்றும் பார்க்க முடிந்தது. எடை இயந்திரத்தால் இதைக் கனவிலும் செய்ய முடியாது.

இன்னொரு வழி, உடம்பின் மேல் கோடு கோடாக ஒளியைப் படியச் செய்து கேமராவால் பிடிப்பது. கோடுகள் எவ்வளவு கலங்கித் தெரிகின்றன என்பதிலிருந்து சிதறலையும் உறிஞ்சுதலையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேரன் ராப்லியரின் குழு 2020-ல் இதை 900 முதல் 1,300 நானோமீட்டர் வரை கொண்டுபோய், நீரையும் கொழுப்பையும் தனித்தனி வரைபடமாகக் காட்டியது. எதையும் தொடாமல், சாயம் ஏற்றாமல். ஆழம் மட்டும் சில மில்லிமீட்டர்தான்.

திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கண்ட விளைவும் இந்த வரிசையில் வருகிறது. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் சிறிதே மாறுகிறது, அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு அதில் மிக வலுவாகத் தெரியும் என்பதால், உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் ராமன் நுண்ணோக்கிகள் சாயமின்றிக் காட்டுகின்றன. முழு உடம்பை அளக்க அது பயன்படாது, ஆனால் கொழுப்பு செல்லுக்குள் எப்படிச் சேர்கிறது, எப்படிக் கரைகிறது என்று நேரில் பார்க்க அதைப் போல இன்னொன்று இல்லை.

பழுப்புக் கொழுப்பு என்றால் என்ன? அதையும் ஒளி காட்டுமா?

நாம் திட்டித் தீர்ப்பது வெள்ளைக் கொழுப்பு, சேமிப்புக் கிடங்கு. பழுப்புக் கொழுப்பு அடுப்பு மாதிரி: குளிரில் கொழுப்பை எரித்து உடம்புக்குச் சூடு தருகிறது. கைக்குழந்தைகளுக்கு மட்டும்தான் அது இருக்கிறது என்று நீண்ட நாள் நினைத்தார்கள். 2009-ல் ஒரே நேரத்தில் வந்த மூன்று ஆய்வுகள் பெரியவர்களுக்கும் கழுத்தெலும்புக்கு மேல் அது இருப்பதையும் வேலை செய்வதையும் உறுதிசெய்தன. ஆனால் அதைப் பார்க்க, கதிரியக்க சர்க்கரையை ஊசியில் ஏற்றி பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆரோக்கியமான ஒருவருக்கு அதைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது.

இங்கேதான் ஒளி தன் இடத்தைக் கண்டுபிடித்தது என்பேன். பழுப்புக் கொழுப்பில் இரத்தக் குழாய்கள் நிறைய, அதனால் ஹீமோகுளோபினும் நிறைய. தோலுக்கு அருகிலும் இருக்கிறது. டோக்கியோவில் தகாஃபுமி ஹமவோகாவின் குழு, நொடியின் நுண்ணிய துணுக்குகளில் ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தை வைத்து அந்த இடத்தின் ஹீமோகுளோபினைக் கணக்கிட்டார்கள். மியூனிக்கில் வாசிலிஸ் நிட்சியாக்ரிஸ்டோஸின் குழு வேறு வழியில் போனது. லேசர் துடிப்பு பட்டதும் திசு துளி அளவு சூடாகி விரிகிறது. அந்த விரிவு ஒலியலையாக வெளிவருகிறது. ஒளியை அனுப்பி ஒலியைக் கேட்பது. ஒளியிலிருந்து ஒலி பிறப்பதை 1880-லேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் கண்டார். திசுவில் ஒளி போல ஒலி சிதறுவதில்லை, ஆதலால் படம் தெளிவாக வருகிறது. அந்தக் குழு 2018-ல் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொள்ளும்போது இரத்தம் எப்படிப் பாய்கிறது என்று ஊசியில்லாமல் காட்டியது.

டெக்ஸாதான் சரியான அளவா?

உயிரோடு இருப்பவரின் மொத்தக் கொழுப்பை நேரடியாக அளக்க வழியே இல்லை. எல்லாமே மறைமுகம். தண்ணீருக்குள் மூழ்கவைத்து எடை பார்த்து, அடர்த்தியிலிருந்து கணக்கிடுவது பழைய வழி. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி 1942-ல் அதை நிலைநிறுத்தினார். வில்லியம் சிரி என்ற ஆய்வாளரின் சூத்திரப்படி 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் சதவீதம். அடர்த்தி 1.05 என்றால் கொழுப்பு 21.4 சதவீதம். டெக்ஸா இரண்டு வகை எக்ஸ்ரேக்களை வைத்து அளக்கிறது. கதிர்வீச்சு மிகக் குறைவு, மார்பு எக்ஸ்ரேயை விடவும் குறைவு. இன்று ஒப்பிடுவதற்குப் பெரும்பாலும் இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதுவும் ஓர் ஒப்பீட்டுக்கோல், தெய்வ வாக்கு இல்லை.

கண்ணுக்கோ கர்ப்பிணிகளுக்கோ ஆபத்து உண்டா?

அண்மை அகச்சிவப்பு ஒளி எக்ஸ்ரே போல டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தாது. கையில் வைக்கும் சிறிய எல்.இ.டி. கருவிகளுக்குப் பயப்பட வேண்டாம். லேசர் வைத்த கருவியைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் ஒளியால் கேடு இல்லாவிட்டாலும், சதவீதக் கணக்கு பொய்யாகிவிடும். ஆகவே அளந்து கவலைப்பட வேண்டாம்.

அளக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே கருவி, ஒரே இடம், ஒரே நேரம். இடத்தைப் பேனாவால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சென்டிமீட்டர் தள்ளினாலே எண் மாறும். கருவியை அழுத்திப் பிடிக்காதீர்கள், அழுத்தினால் அடியில் இருக்கும் இரத்தமும் நீரும் ஒதுங்கிவிடும். உடற்பயிற்சி முடிந்த கையோடு அளக்காதீர்கள். பச்சை குத்திய இடத்தைத் தவிருங்கள். வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வேண்டாம், சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது.

ஒரு நாள் எண்ணை வைத்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். மூன்று மாதத்தில் எண் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். கருவி தவறாகச் சொன்னாலும் ஒரே மாதிரித் தவறாகச் சொன்னால், போகும் திசை சரியாகவே தெரியும்.

சரி, வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா?

கொழுப்புச் சதவீதம் தெரிந்துகொள்ள என்றால் வேண்டாம். டேப் போதும், சந்தேகம் இருந்தால் ஒரு முறை டெக்ஸா.

பிறகு இந்த ஆராய்ச்சி யாருக்குப் பயன்படும்?

எனக்குத் தெரிந்து, முதலில் பச்சிளங்குழந்தைகளுக்கு. 2003-ல் யாஜ்னிக் குழுவினர் புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. உயரம், வயிற்றுச் சுற்றளவு, தசை எல்லாம் நம் குழந்தைகளுக்குக் குறைவு. ஆனால் முதுகில் தோலை மடித்துக் கிள்ளி அளந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பெரியவர்களிடம் பார்த்த "ஒல்லிக் கொழுப்பு உடம்பு" கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது.

பிறந்த குழந்தையின் தோலடிக் கொழுப்பு சில மில்லிமீட்டர்தான். ஒளி எட்டாத ஆழம் அங்கே இல்லை. பிறந்த நேரத்தில் குழந்தையின் கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, உள்ளே ஒளிந்திருப்பது கொஞ்சம். பெரியவர்களிடம் ஒளியைத் தோற்கடித்த இரண்டு காரணங்களும் குழந்தையிடம் இல்லை. காற்றுப் பெட்டிக்குள் குழந்தையைப் படுக்கவைத்து அளக்கும் கருவி பெரிய மருத்துவமனைகளிலும் ஆய்வு மையங்களிலும் உண்டு, விலை அதிகம், இடமும் பிடிக்கும். கையில் அடங்கும், மின்கலத்தில் ஓடும், நம் குழந்தைகளின் தோலில் சோதித்துச் சரிபார்த்த ஓர் ஒளிக்கருவி ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் இருந்தால், 2.5 கிலோ என்று எழுதும் அட்டையிலேயே அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்றும் எழுதலாம். எடை ஏறட்டும் என்று ஊட்டும்போது ஏறுவது எது என்று தாய்க்குத் தெரியும்.